கும்பிட்டு முங்குன கப்பல்

என்ன மக்கா, வசதியா உக்காந்தாச்சா? நல்லா அழுந்த உக்காருங்க. உங்கள நம்ப முடியாது. லைஃப் ஜாக்கெட்டக் கையில குடுத்து மாட்டுங்கன்னா, அதக் குண்டிக்கு அடியில மெத்தையாப் போட்டு உக்காருற பரம்பரை நீங்க. அந்தப் பக்கம் என்னமோ தெரியுதுன்னு ஒருத்தன் சொன்னாப் போதும், என்னன்னு கேக்கறதுக்கு முந்தியே எந்திரிச்சுருவீங்க. ஏன்யா எந்திரிச்சன்னு கேட்டா, எல்லாரும் எந்திரிச்சாங்க நானும் எந்திரிச்சேம்பீங்க. ஊரு பேரு சொல்ல மாட்டேன். சொன்னா வர்ற ஞாயித்துக்கெழமையே புளிச்சோறு கட்டிக்கிட்டு குடும்பத்தோட வந்து நிப்பீங்க. தூத்துக்குடிக்குத் தெக்கன்னு வச்சுக்குங்க. கடலப் பாத்து ஒரு மாதா கோயிலு, கோயிலுக்கு முன்னால ஒரு படகுத்துறை, துறையில நின்னு பாத்தா தூரத்துல தண்ணிக்கு நடுவுல துருப்புடிச்ச அண்டாவக் கவுத்து வச்ச மாதிரி ஒண்ணு தெரியும். எந்தக் காலத்துலயோ முங்கிப்போன கப்பலோட பாய்லர் அது. அதப் பாக்கத்தான் சனம் டிக்கெட்டு எடுத்துப் படகுல போகும். அண்டாவப் பாக்க டிக்கெட்டான்னு கேக்காதீங்க, நீங்க பாக்காத அண்டாவா. இப்ப ஒரு படகு அதப் பாத்துட்டு கரைக்குத் திரும்பி வந்துக்கிட்டு இருக்கு. அதுல முன்மூக்குல, நனைஞ்ச கோழி மாதிரி ஒருத்தன் காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க, அவன்தான் நம்மாளு. கிளாட்வின். போற வழியில கப்பல் கதை சொல்லி, சனத்துக்கு ஜாக்கெட்டு மாட்டிவிட்டு, அப்பிடி உக்காரு இப்பிடி உக்காருன்னு சொல்றது அவன் வேலை. பாக்கலாம், தப்பில்ல. எந்திரிக்காமப் பாருங்க.

கிளாட்வினோட எடது காதுக்குள்ள தண்ணி போயிருக்கு. தலையச் சாச்சுச் சாச்சுத் தட்டுதான், வர மாட்டேங்குது. அந்தக் காதுல கடல் மட்டும் கேக்குது, சங்க வச்சு அமுக்குன மாதிரி ஒரே ஙொய்னு. வலது காதுல சனம் கேக்குது. வலது காதுல கேக்கறதெல்லாம் பாராட்டு. தம்பி மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்ங்குது ஒரு கொரலு. யோசிக்கவே இல்லய்யா, சட்டையோட குதிச்சுட்டான்ங்குது இன்னொண்ணு. ஒருத்தர் வந்து தோள்ல கை போட்டு செல்ஃபி எடுத்தாரு, எடுக்கும்போது படகு லேசா அசைஞ்சுது, ஒடனே நாலு பேரு உக்காருய்யான்னு அதட்டுனாங்க, அவரும் சத்தங்காட்டாம உக்காந்துட்டாரு. இப்ப உக்காருதாங்க. இப்ப யாரும் சொல்லாமலே உக்காருதாங்க. ஜாக்கெட்டுக்கு வாருன்னு ஒண்ணு இருக்கறதையே இப்பத்தான் கண்டுபுடிச்ச மாதிரி ஆளாளுக்கு இழுத்து இழுத்துக் கட்டுதாங்க, மூச்சு முட்டக் கட்டுதாங்க, போகும்போது இதே வாயால அவன் எம்புட்டுக் கத்தியிருப்பான், அப்ப எவனுக்குக் கேட்டுச்சு. நடந்தது பெருசா ஒண்ணும் இல்ல. பாய்லரு கிட்ட வந்து படகு மெதுவா ஒரு சுத்துச் சுத்துச்சு, சனம் பூராவும் ஒரே பக்கமாப் பாஞ்சுது, படகு சாஞ்சுது, மதுரையிலேர்ந்து மகளோடயும் மருமகனோடயும் வந்திருந்த பேச்சியம்மான்னு ஒரு அம்மா தண்ணிக்குள்ள போயிட்டாங்க, கிளாட்வின் குதிச்சான், தூக்குனான், கை தட்டுனாங்க. இவ்வளவுதான். சனம் எதுக்குப் பாஞ்சுதுங்கற எடம் மட்டும் தொண்டையில மீன்முள்ளு மாதிரி குறுக்க நிக்குது. வெறுஞ்சோத்த உருட்டி முழுங்குனா முள்ளு எறங்கிரும்பாங்க. எச்சில முழுங்கிப் பாக்கான், உப்புக் கரிக்கி. டால்ஃபின்னு கத்துனது அவன். டால்ஃபின் அங்க இல்ல.

இல்லயா, இல்லவே இல்லயா, ஒருவேள இருந்துச்சோ. தண்ணிக்கு மேல கருப்பா ஒண்ணு தெரியலயா. தெரிஞ்சது பாய்லரோட நெழலு, அது எப்பவும் தெரியறதுதான். சரி, நெழல டால்ஃபின்னு நெனச்சுட்டேன்னு சொன்னா என்ன. கண்ணு ஏமாத்தாதா. ஏமாத்தும், ஆனா பொறந்ததுலேர்ந்து இந்தக் கடலப் பாத்தவனுக்கு ஏமாத்தாது. அவன் ஊருல அதுக்கு டால்ஃபின்னு பேரே கெடையாது, ஓங்கல். வலையில கெடக்கற மீன ஓங்கல் வந்து கடிச்சுட்டுப் போச்சுன்னு அப்பா வஞ்சுக்கிட்டே வருவாரு. கிளாட்வின் வாழ்க்கையில நெசமாவே எத்தனையோ ஓங்கலப் பாத்திருக்கான், ஒரு தடவ கூட டால்ஃபின்னு கத்துனதில்ல. அதுதான் முள்ளு. நெசமாப் பாத்திருந்தா வாயில ஓங்கல்னுதான் வந்திருக்கும். ஓங்கல்னு கத்தியிருந்தா ஒருத்தன் கூட எந்திரிச்சிருக்க மாட்டான், என்னமோ கொழம்பு பேரு போலன்னு உக்காந்திருப்பாங்க. டால்ஃபின்னு வந்துச்சு. சனத்துக்குப் புரியற வார்த்தையா, தேடி, எடுத்து, தொடச்சுக் குடுத்திருக்கான். கடையில வர்றவன் மூஞ்சியப் பாத்துச் சாமான் எடுத்துப் போடுற மாதிரி. தன்னால வந்துச்சுன்னு யாருகிட்ட சொன்னாலும் அவன்கிட்ட அவனே சொல்ல முடியாது.

படகு தக்குதக்குன்னு போகுது. காத்து செத்துப்போச்சு, கடலு பாலாடை மாதிரி கெடக்குது, ஒரு சுருக்கம் கெடையாது. இப்பிடி ஒரு நாள்லதான் அந்தக் கப்பலும் முங்குச்சு. புயல்ல முங்குன கப்பல் உண்டு, பாறையில மோதி முங்குனது உண்டு, இது கும்பிட்டு முங்குனது. வெள்ளைக்காரன் காலத்து நீராவிக் கப்பல். இங்கிலீஷ்ல என்னமோ நீட்டமாப் பேரு, ஊருல கும்பிட்டான் கப்பல்னாத்தான் தெரியும். கொழும்புக்கு, தேயிலைத் தோட்டத்துக்குப் போற சனம். கீழ எடமில்லாம மேல்தட்டு பூரா ஆளும் மூட்டையும். அன்னிக்கி இந்த மாதா கோயிலுக்குத் தேரு. கப்பல் கரைய ஒட்டிப் போகையில யாரோ ஒருத்தன் தேரு தெரியுதுன்னு கத்தியிருக்கான். இனி எந்தக் காலத்துல ஊரப் பாப்பமோன்னு போற சனமில்லையா, அம்புட்டும் கரைப்பக்கமா ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டுச்சு. மாதாவக் கும்பிடற வேதக்காரன் மட்டுமில்ல, எல்லாரும். கப்பல் சாஞ்சுது. அந்தப் பக்கம் போங்கன்னு மாலுமி கத்துனான், கும்பிட்ட கையோட மொத்தமா அந்தப் பக்கம் ஓடுச்சு. கப்பலு இந்தப் பக்கம் சாஞ்சத விட வேகமா அந்தப் பக்கம் சாஞ்சு, அப்பிடியே படுத்துருச்சு. வீதியில தேரு இழுத்துக்கிட்டு இருந்தவங்க சத்தங்கேட்டு வடத்த வுட்டுட்டு கரைக்கு ஓடிவந்து பாத்தாங்களாம். கரை கிட்டத்தானன்னு நீந்தக் கெளம்புனவன் பாதியில போனான், மெதக்கற பீப்பாயப் புடிச்சுக்கிட்டு சும்மா கெடந்தவன் பொழச்சான். இதச் சொல்லிட்டு கிளாட்வின் தெனமும் பாடம் நடத்துவான். சாமிய உக்காந்துக்கிட்டே கும்பிடலாம், சாமி கோவிச்சுக்காது. படகு சாஞ்சா மறுபக்கம் ஓடாத, இருந்த எடத்துல குனிஞ்சு உக்காரு. விழுந்தா நீந்தி சாமர்த்தியம் காட்டாத, படகப் புடிச்சுக்கிட்டுக் கெட. வாரக் கட்டாத ஜாக்கெட்டு ஒன்னய வுட்டுட்டு தான் மட்டும் பொழச்சுக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோக்கு. ஒவ்வொரு ஜோக்குக்கும் ஒரு சிரிப்பு. சிரிப்பு வந்தாத்தான் அடுத்த பாடம் வாயில வரும் அவனுக்கு, தண்ணி ஊத்துனாத்தான் எறைக்கற அடிபம்பு மாதிரி.

இன்னிக்கி சிரிப்பு வரல. என்ன காரணமோ. வெயிலா இருக்கலாம், பஸ்ஸுல வந்த அலுப்பா இருக்கலாம். சாமி கோவிச்சுக்காதுன்னான், ஒருத்தன் கொட்டாவி வுட்டான். ஜாக்கெட்டு ஜோக்கச் சொன்னான், மருமகன் செல்போன்ல கிரிக்கெட்டு பாத்துக்கிட்டு இருந்தாரு. வழக்கமா கதை சொல்லிக்கிட்டே பெஞ்சு பெஞ்சாப் போய் ஜாக்கெட்டு வார இழுத்துப் பாப்பான். இன்னிக்கி பாதி பெஞ்சோட நின்னுட்டான். எதுக்கு நின்னான்னு இப்ப யோசிக்கான். சிரிக்காத சனத்துக்கு நடுவுல நடக்கறது துணியில்லாம நடக்கற மாதிரி. அந்த நடை அவனுக்குப் பழக்கம். பாலிடெக்னிக்குல வரைபட வகுப்புல வாத்தியாரு பலகைக்குத் திரும்புனதும் அவரு மாதிரியே தோளக் குலுக்குவான், பின்பெஞ்சு பூரா சிரிச்சு உருளும், அந்தச் சிரிப்பு இருக்கற வரைக்கும் அரியர் பேப்பரு ஞாபகத்துக்கு வராது. ஒருநாள் வாத்தியாரு திரும்பல. திரும்பாமலே சொன்னாரு, கிளாட்வின் ஒனக்கு வேற என்ன தெரியும். வையல, அதட்டல, நெசமாவே தெரிஞ்சுக்கக் கேட்ட மாதிரி கேட்டாரு. யாரும் சிரிக்கல. மறுநாள் அவன் போகல, அதுக்கு மறுநாளும் போகல, அப்புறம் போகாததே பழகிப்போச்சு. வீட்டுல கேட்டதுக்கு, காலேஜு எனக்கு ஒத்துக்கல, வயித்தால போகுதுன்னான், அம்மாவே சிரிச்சுட்டாவ. எல்லாத்தையும் சிரிக்க வச்சு அனுப்பிடலாம். சிரிக்காம நிக்கறவன் ஒருத்தன் இருந்தா அவன என்ன பண்றதுன்னுதான் தெரியாது. இன்னிக்கி ஒரு படகு முழுக்க அப்பிடி. பாய்லரு வந்துருச்சு, அண்டாவப் பாத்துட்டு இதுக்கா வந்தோம்னு ஒருத்தரு கேட்டாரு, கேட்டுட்டு அவரு சிரிச்சாரு, அவரு சொன்னதுக்கு நாலு பேரு சிரிச்சாங்க. அவரு ஜோக்குக்கு. அப்பத்தான் அந்த வார்த்தை வந்துச்சு. வந்துச்சுன்னா சொல்ற? எடுத்த. சரி, எடுத்தான்.

எல்லாரும் எந்திரிச்சதும் ஒரு நொடி சந்தோசமா இருந்துச்சு. இதத்தான் அவன் யாருகிட்டயும் சொல்ல முடியாது. அத்தனை மூஞ்சியும் ஒண்ணா உயிர் வந்து, அவன் கை காட்டுன தெசைக்குத் திரும்புச்சு, எங்க எங்கன்னு கேட்டுச்சு, அந்த ஒரு நொடி அவன் தேரு மாதிரி இருந்தான். அதுக்கப்புறந்தான் கால் நழுவுன மாதிரி படகு ஒருக்களிச்சுது. எல்லாரும் பாஞ்ச பக்கத்துல, ஓரத்து பெஞ்சுல, அவன் சொன்னபடியே உக்காந்த எடத்துல உக்காந்திருந்தது பேச்சியம்மா ஒருத்தங்கதான். எந்திரிக்கவே இல்ல. மத்தவங்க அவங்க மேல சாஞ்சாங்க, தோளுக்கு மேல கைய நீட்டுனாங்க, எவனோ முட்டியால நெம்புனான், சொன்ன பேச்சக் கேட்ட ஒரே ஆளு வெளிய போய் விழுந்துச்சு. தண்ணிக்குள்ள என்ன பச்சை. மேல இருந்து பாத்தா நீலம், உள்ள பச்சை, அதுல ஒரு சேல பூ மாதிரி விரிஞ்சு கெடக்குது. ஜாக்கெட்டு தனியா மேல ஏறி மொகத்த மூடிக்கிட்டு காதுகிட்ட நிக்குது, வாரு கட்டல, அவன் போகாம வுட்ட பாதி பெஞ்சுல ஒண்ணு அது. அவங்க கை அவன் தலைமயிரப் புடிச்ச புடி இருக்கே, இப்பவும் மண்ட தகதகன்னு எரியுது. கீழ பாய்லரோட வயிறு தெரிஞ்சுது, பாசி புடிச்சு, அதுல ஒரு ஓட்ட, ஓட்டக்குள்ள இருட்டு. அந்த இருட்டு அவனப் பாத்த மாதிரி இருந்துச்சு. ஒதைச்சு மேல வந்தான். வந்ததும் மொத மொதல்ல காதுல வுழுந்தது கைதட்டு.

பேச்சியம்மா இப்ப அவனுக்கு எதுத்தாப்புல, மகளோட துப்பட்டாவச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. அழல, நடுங்கல. மூக்குத்தி பத்திரமா இருக்கான்னு ஒரு தடவ தொட்டுப் பாத்தாங்க, அவ்வளவுதான். அவங்க அழுதா நல்லாருக்கும். வஞ்சா இன்னும் நல்லாருக்கும். கொஞ்ச நேரம் அவனையே பாத்துட்டு முன்னால குனிஞ்சு, மத்தவங்களுக்குக் கேக்காத மாதிரி ரகசியமாக் கேட்டாங்க.

"தம்பி, அது பெருசா இருந்துச்சா?"

எதும்மான்னான். தெரியாத மாதிரி. டால்ஃபினுதான், எல்லாரும் பாத்தாக, நான் மட்டும் பாக்காம வுட்டுட்டேன், நீ சொன்னன்னு எந்திரிக்காம இருந்தேனா, அதுக்குள்ள தண்ணிக்குள்ள போயிட்டேன், டிவியில பாத்திருக்கேன், சிரிச்ச மொகமா இருக்கும்ல அதுன்னாங்க. ம்ம்-னான். அவங்களுக்கு அது போதல. குட்டி இருந்துச்சாங்காங்க. வலது காதத் திருப்பி எடது காதக் காட்டுனான், தண்ணி போயிருச்சும்மா கேக்கலன்னான். பொய்க்கு அடுத்த பொய்யி எம்புட்டு லேசா வருது, தொட்டியில வழுக்குற சோப்பு மாதிரி. எல்லாரும் பாத்தாகளாம். யாரு பாத்தா. யாரும் பாத்திருக்க முடியாது. ஆனா பின்னால ஒருத்தரு வாலு மட்டும் பாத்தேன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு, நெசமாத்தான் சொல்றாரு, சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவாரு. இன்னும் கொஞ்ச நேரம் போனா ரெண்டு டால்ஃபினு வந்துரும்.

மருமகன் பேரு தவமணி. அவருக்குத்தான் ஆவேசம் அடங்கல. போன் போட்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு. அவரு கதையில குத்தவாளி படகு ஓட்டுற இஞ்ஞாசி அண்ணன். படகு சாயிதுன்னு தெரியுது, நிமித்தணும்ல, அந்தாளு சாஞ்ச பக்கமே திருப்புறாரு, நான் கண்ணால பாத்தேன், எறங்குனதும் படகுக்கு அனுமதி குடுக்கற ஆபீசர்கிட்ட சொல்லி இந்தப் படக நிப்பாட்டாம வுட மாட்டேங்காரு. அவரு பாத்தது நெசம். சாஞ்ச பக்கமாத் திருப்புனாத்தான் வள்ளம் எதிர்ப்பக்கமா நிமிரும், அந்தத் திருப்பு இல்லன்னா இப்ப இவரு போன்ல பேசிக்கிட்டு இருக்க மாட்டாருங்கறதும் நெசம். அத யாரு அவருகிட்ட சொல்றது. இஞ்ஞாசி சொல்ல மாட்டாரு. பின்னால சுக்கானப் புடிச்சுக்கிட்டு, எஞ்சினு சத்தத்துலயே குடும்பம் நடத்தி ரெண்டு காதும் மந்தமாகிப்போன மனுசன். டால்ஃபின்னு கத்துனது அவருக்குக் கேக்கல. திடீர்னு சனம் ஏன் ஒரு பக்கமாப் போச்சுன்னு அவருக்கு இன்னும் தெரியாது. போன வருசம் இதே பாய்லர்ல படகு உரசிருச்சுன்னு ஆபீசர் எழுதிக் குடுத்துட்டாரு, இன்னொரு தடவ ஏதாவது ஆச்சுன்னா அனுமதி கெடையாது, படக மறுபடி மீன்புடிக்குத்தான் கொண்டு போகணும்னு. மீன்புடிக்குப் போக இஞ்ஞாசிக்கு முதுகு இல்ல. வல இழுத்து நட்டெலும்பு நகந்து, டாக்டர் கைய விரிச்சப்புறந்தான் வள்ளத்துல பெஞ்சு அடிச்சு சனத்த ஏத்துனாரு. டிக்கெட்டு குடுக்கறது அவரு பொண்டாட்டி செலின் அக்கா. ரெண்டு பேரும் கல்யாணத்துக்கப்புறம் இப்பத்தான் ஒரே நேரத்துல சாப்புடுறோம்னு செலின் அக்கா சொல்லும். கொஞ்சம் முந்தி இஞ்ஞாசி எஞ்சின மெதுவாக்கிட்டு கிளாட்வினக் கையாட்டிக் கூப்புட்டாரு. போனான், பெஞ்சப் புடிச்சுக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு. சத்தமாப் பேசறதா நெனச்சு மெதுவாவும், மெதுவாப் பேசறதா நெனச்சு சத்தமாவும் பேசற ஆளு, இப்ப நெசமாவே மெதுவாச் சொன்னாரு, நாந்தாம்ல கொஞ்சம் கிட்டப் போயிட்டேன், நீரோட்டம் இழுத்துருச்சு போலருக்கு, நீ குதிச்ச பாரு, அதுக்கு மாதா ஒனக்கு நல்லது பண்ணுவா. சொல்லிட்டு தன்னோட காஞ்ச துண்ட எடுத்து அவன் தலையில போட்டாரு. கிளாட்வினுக்கு அப்பவும் ஒரு ஜோக்குதான் வந்துச்சு. துண்டுல மீன் நாத்தம் அடிக்கு அண்ணே, நான் மறுபடி குதிச்சு குளிச்சுட்டு வாறேன்னான். இஞ்ஞாசிக்குக் கேக்கல. சிரிச்சாரு, கேக்காமலே.

திரும்பி வந்து முன்மூக்குல உக்காந்ததும் பெஞ்சுல பேச்சு வேற எடத்துக்கு வந்திருந்துச்சு. எல்லாரும் ஏன் எந்திரிச்சோம்ங்கற எடத்துக்கு. கிளாட்வின் தலையில கெடந்த துண்ட மூஞ்சிக்கு இழுத்து வுட்டுக்கிட்டான். யாரோ கத்துனாங்கன்னாரு ஒருத்தரு. ஆமா, யாரோ டால்ஃபின்னு கத்துனாங்கன்னாங்க இன்னொருத்தங்க. பின்னால இருந்துதான் சத்தம் வந்துச்சு. இல்ல, அந்தச் சின்னப் புள்ளைங்க யாரோ. யாரோ. அத்தனை பேரு மூஞ்சியும் அவனப் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, அவன் கை காட்டுனான், அவன் கத்துனான், மறந்துட்டாங்க. தண்ணியில குதிச்சவன் மூஞ்சிக்குக் கீழ கத்துனவன் மூஞ்சி அழிஞ்சுபோச்சு. யாரோங்கறது எம்புட்டு வசதியான வீடு. கதவு இல்ல, பூட்டு இல்ல, யாரு வேணாலும் உள்ள போய் உக்காந்துக்கலாம். கப்பல் கதையில கூட அந்த யாரோதான் வர்றான். நெதமும் சொல்ற கதை, எத்தனை தடவ வாயில வந்திருக்கும் அந்த வார்த்தை, ஒரு தடவ கூட அந்த ஆளு யாருன்னு அவன் யோசிச்சதில்ல. கப்பல்காரன் பேரு கோயில்ல வச்ச நினைவுப் பலகையில இருக்கு. பொழச்சவங்க பேரு இருக்கு. தேரு தெரியுதுன்னு கத்துனவன் பேரு இல்ல. செத்துட்டானா, பீப்பாயப் புடிச்சுக் கரையேறிட்டானா. ஏறியிருந்தா கரையில நின்னு என்ன சொல்லியிருப்பான். யாரோ கத்துனாங்கன்னு சொல்லியிருப்பான். முதல்ல சொன்னதே அவனா இருக்கும். இந்தக் கதையே அவன் வாயிலேர்ந்து கெளம்புனதுதான் போல, அதான் அந்த எடத்துல மட்டும் பேரு இல்ல. தேரு நெசமாவே தெரிஞ்சுச்சா. அந்த தூரத்துலேர்ந்து தெரியுமா. கிளாட்வின் திரும்பிப் பாக்கான். பாய்லரு கிட்டேர்ந்து பாத்தா கோயில் கோபுரமே வெரல் நகம் மாதிரி. தேரு வீதியில வீட்டு மறைப்புல வரும். தெரியாது. தெரிய வழியே இல்ல. அவனும் சும்மாதான் சொன்னானோ. ஊரவுட்டுப் போற சனம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்திருக்கும், ஒரு பய சிரிக்கல, இவன் வேற கலகலப்பான ஆளா இருந்திருப்பான்.

கரை வந்துக்கிட்டு இருக்கு. செலின் அக்காவோட மஞ்சக் கொடை தெரியுது, பக்கத்துல ஆபீசரோட வெள்ளச் சட்ட. தவமணி போன் வேலை செஞ்சுருச்சு. கிளாட்வின் கயித்த எடுத்து வளையம் வளையமாச் சுத்துதான், கை தன்னால சுத்துது. சொல்லாம இருந்தா என்ன ஆகும். ஒண்ணும் ஆகாது. பேச்சியம்மா மதுரைக்குப் போயி டால்ஃபினப் பாக்காம வுட்டதச் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. இஞ்ஞாசி அண்ணன் முதுகுக்குப் பட்டையக் கட்டிக்கிட்டு வலைக்குப் போவாரு. அவனுக்கு வேற படகுல வேலை கெடைக்கும், குதிச்சுக் காப்பாத்துன பையன்ல. அங்கயும் கதை சொல்லணும், யாரோ ஒருத்தன் கத்தியிருக்கான்னு சொல்லணும், அந்த எடம் வரும்போது என்ன மூஞ்சி வச்சுக்கறது. சொன்னா என்ன ஆகும். ஊரு சிரிக்கும். சிரிக்கட்டும்னு சொல்லிப் பாத்தான். இல்ல, சிரிக்காது. அதுதான் பயமே. சொன்னா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. அதச் சிரிப்பாச் சொல்ல முடியுமான்னு பாத்தான். டால்ஃபினு லீவுல போயிருந்துச்சு சார். சார், டால்ஃபின் வரல, அதுக்குப் பதிலா நான் குதிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது ரொம்ப நல்லாருக்கு, மருமகனே சிரிச்சுருவாரு, சிரிச்சுட்டா எல்லாம் சப்புன்னு போயிரும், யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. காதுக்குள்ள இருந்த தண்ணி படக்குனு உருண்டு சூடா வெளிய வந்துச்சு. ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி கேக்க ஆரம்பிச்சுது, கரையில காக்கா, எஞ்சினு நிக்கற விக்கலு, செலின் அக்கா தன் புருசன் பேரச் சொல்லி யாருக்கும் ஒண்ணுமில்லயேன்னு கேக்கறது.

கயித்தக் கட்டி, பலகையப் போட்டு, ஒவ்வொருத்தரா எறங்குனாங்க. பேச்சியம்மாவக் கை குடுத்து எறக்கி கல்லுல உக்கார வச்சாங்க. ஆபீசர் நல்ல மனுசன்தான், சத்தம் போடல. என்ன இஞ்ஞாசின்னு மட்டும் கேட்டாரு. இஞ்ஞாசி அவரு வாயப் பாத்து வார்த்தையப் புரிஞ்சுக்கிட்டு கையக் கட்டுனாரு.

"நாந்தான் சார். பாய்லருக்குக் கொஞ்சம் கிட்டப் போயிட்டேன்."

"அவரே ஒத்துக்கிட்டாருல்ல," தவமணி சொன்னாரு. "இந்தத் தம்பிக்கு மட்டும் எதாச்சும் செய்யுங்க சார். இப்பிடிப் புள்ளைங்க இருக்கறதாலதான் நாங்கல்லாம் உசுரோட வந்தோம்."

செலின் அக்கா கொடைய மடக்குச்சு. இஞ்ஞாசி படகுச் சாவிய எடுத்து ஒப்படைக்க சட்டப்பையில கைய வுட்டாரு. எல்லாரும் கிளாட்வினப் பாத்தாங்க, இப்ப ஏதாச்சும் சொல்லுவான்னு, சிரிக்கறதுக்கு வாயத் தயாரா வச்சுக்கிட்டு. படகுல இருந்தப்ப ஒருத்தனுக்கும் இல்லாத அந்த மூஞ்சி, இப்ப எல்லாருக்கும் இருந்துச்சு. அந்த ரெண்டாவது ஜோக்கு நாக்குலயே நின்னுச்சு.

"டால்ஃபின் வரல சார்," கிளாட்வின் சொன்னான். "ஒண்ணுமே வரல. நான்தான் கத்துனேன். இந்தம்மாவோட ஜாக்கெட்டு வாரும் நான் பாக்கல. அண்ணன் அந்தப் பக்கம் திருப்புனதாலதான் படகு நிமிந்துச்சு, அவரு சரியாத்தான் திருப்புனாரு."

கல்லு மேல இருந்த பேச்சியம்மாதான் மொதல்ல தலையத் தூக்குனாங்க.

"அப்ப நான் எதையும் பாக்காம வுட்டுறல," அப்பிடின்னாங்க, மகளப் பாத்து.

இஞ்ஞாசி சாவிய எடுத்த கையோட அப்பிடியே நின்னாரு. கிளாட்வின் சத்தமாத்தான் சொல்லியிருந்தான், அவருக்கும் கேக்கற மாதிரி. வையறதுக்கு வாயத் தொறந்த மாதிரிதான் தெரிஞ்சுது, ஆனா வையல. பாலிடெக்னிக்கு வாத்தியாரு கேட்ட மாதிரியே கேட்டாரு, நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு.

"ஏம்ல?"

"கப்பல் கதைக்கு இன்னிக்கி ஒருத்தரும் சிரிக்கல, அண்ணே. அதான் கத்துனேன்."